மலிவுக் கடையின் மர்மம் என்ன?

சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. புறவழிச் சாலை ஓரத்தில் புதிதாக எழும்பியிருக்கும் மலிவு விலைச் சூப்பர் மார்க்கெட்டின் வாசலில் நின்று பாருங்கள். மில்லுக்குப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், பனியன் கம்பெனியில் தைக்கிறவர், அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். தள்ளுவண்டி நிறைகிறது. பில் போடும் இடத்தில் வரிசை நீளுகிறது. வெளியே வருகிறவர் பில்லை விரித்து, அடியில் அச்சிட்டிருக்கும் "நீங்கள் சேமித்தது" என்ற தொகையை மனைவியிடம் காட்டிப் பெருமிதம் கொள்கிறார்.

அந்தப் பெருமிதத்தைப் பழிக்க நாம் வரவில்லை. உழைத்துச் சம்பாதித்த காசில் ஒரு ரூபாய் மிஞ்சினாலும் அது பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு ஆகும், பெற்றவளின் மருந்துக்கு ஆகும். கடைக்காரனைத் தூற்றினால் துவரம்பருப்பின் விலை இறங்கிவிடாது. ஆனால் எங்கே மலிவு, எதனால் மலிவு, யாருக்கு மலிவு என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவது பாட்டாளிக்கு அழகல்ல. விலைவாசியைப் பற்றி மேடையில் முழங்குகிற நாம், விலை எப்படிப் பிறக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

சுரங்கத் தொழிலாளர் தெருவில் பிறந்த கடை

மலிவுக் கடை என்ற வாணிப முறைக்குப் பேர்போன இடம் ஜெர்மனி. அங்கே எஸ்ஸென் என்றொரு தொழில் நகரம். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையும் நிறைந்த வட்டாரம். அந்நகரின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் 1913-ஆம் ஆண்டு ஒரு தாய் சிறு மளிகைக் கடை திறந்தாள். அவளுடைய மக்கள் இருவர், கார்ல் ஆல்பிரெக்ட், தியோ ஆல்பிரெக்ட். இரண்டாவது உலகப் போர் முடிந்து, நாடே இடிபாடாகக் கிடந்த காலத்தில் அண்ணனும் தம்பியும் அந்தக் கடையைக் கையில் எடுத்தார்கள். 1960 வாக்கில் அது ஏறத்தாழ 300 கடைகளாகப் பெருகிவிட்டது. அதன்பின் சகோதரர்கள் தொழிலை வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கடையில் சிகரெட் விற்பதா, கூடாதா என்பதில் வந்த வழக்குத்தான் பிரிவினைக்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. 1962-இல் கடைக்கு "ஆல்டி" என்ற பெயர் வந்தது. ஆல்பிரெக்ட் என்பதன் முதலெழுத்துகளையும், தள்ளுபடி என்று பொருள்படும் 'டிஸ்கவுண்ட்' என்பதன் முதலெழுத்துகளையும் ஒட்டிய பெயர் அது.

அவர்கள் செய்த மாயம் என்ன? மாயம் ஏதுமில்லை, கணக்குத்தான் உண்டு.

மற்றவர்கள் ஆயிரக்கணக்கான சரக்குகளை அடுக்கிவைத்த நேரத்தில், இவர்கள் சில நூறு சரக்குகளோடு நின்றார்கள். பத்து வகை மாவுக்குப் பதிலாக ஒரே வகை மாவு. அதை மலையளவு வாங்கினார்கள். மலையளவு வாங்குகிறவனுக்கு ஆலைக்காரன் விலையை இறக்கித்தானே ஆக வேண்டும்? பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும். ஆகவே பெட்டியை வெட்டி, பெட்டியோடே வைத்தார்கள். அலங்காரம் இல்லை, ஆடம்பர விளக்கு இல்லை, கடன் இல்லை. பேர்பெற்ற கம்பெனிச் சரக்குக்குப் பதிலாகத் தம் சொந்தப் பெயரில் சரக்குப் போட்டு விளம்பரச் செலவையும் மிச்சப்படுத்தினார்கள். தள்ளுவண்டியை எடுக்க ஒரு நாணயத்தைச் செருக வேண்டும், கொண்டுவந்து விட்டால்தான் நாணயம் திரும்பும். வண்டியைத் திரட்டும் ஆளும் அதனால் மிச்சம்!

இந்தக் கணக்குக் கடல் கடந்தது. 1990-இல் பிரிட்டனில் கால் வைத்த ஆல்டி, 2022-இல் அந்நாட்டின் நாலாவது பெரிய சூப்பர் மார்க்கெட் ஆயிற்று. விலைவாசி ஏறிய ஆண்டில்தான் அந்த ஏற்றம் வந்தது என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மக்களின் மடி சுருங்கும்போது மலிவுக் கடையின் மடி விரிகிறது!

நம் நாட்டில் இந்த வழியில் வெற்றிகண்டவர் ராதாகிஷன் தமானி. பங்குச் சந்தையில் பொருள் ஈட்டிய இவர், 2002-இல் பம்பாயின் பவாய் பகுதியில் முதல் "டி-மார்ட்" கடையைத் திறந்தார். இன்று அக்கடைகளின் எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிட்டது. வாடகைக்குக் கடை பிடிப்பதைவிடச் சொந்தக் கட்டடத்தில் நடத்துவது, சரக்குக் கொடுத்தவருக்குத் தவணை சொல்லாமல் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைப்பது, அந்தக் குறைவில் ஒரு பங்கை வாடிக்கைக்காரருக்குத் தள்ளுபடியாகக் காட்டிக் கூட்டம் சேர்ப்பது, இவைதாம் அவருடைய சூத்திரம். மளிகையில் ஒட்டுகிற லாபம் மெல்லியது. மாடியில் விற்கிற துணியிலும் பாத்திரத்திலும் பிளாஸ்டிக் சாமானிலும் ஒட்டுகிற லாபம் கனமானது. பருப்பு வாங்கப் போனவர் பக்கெட்டோடு திரும்புவது தற்செயலல்ல, தோழர்களே! கடையின் கணக்கு அது.

பில்லின் அடியில் இருக்கும் பொய்யும் மெய்யும்

இனி நம் கணக்குக்கு வருவோம்.

"நீங்கள் சேமித்தது" என்று பில்லில் அச்சாகிறதே, எதிலிருந்து சேமித்தது? பாக்கெட்டின் மீது போட்டிருக்கும் எம்.ஆர்.பி.யிலிருந்து! எம்.ஆர்.பி. என்பது இதற்குமேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பே தவிர, சந்தை விலை அல்ல. அதைப் போடுகிறவர் உற்பத்தியாளர். நூறு ரூபாய்க்கு விற்கக்கூடிய சாமானுக்கு நூற்று நாற்பது என்று அச்சடித்து, நாற்பதைத் தள்ளுபடி என்று கொடுத்தால், நாம் சேமித்தது நாற்பதா, பூஜ்யமா? ஆகவே தள்ளுபடித் தொகையைப் பார்க்காதீர்கள்; கிலோ என்ன விலை என்று பாருங்கள்.

இதற்குச் சட்டமும் துணையிருக்கிறது. பாக்கெட் சாமான்களின் மீது ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. பொடி எழுத்தில்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாவது அதைப் படியுங்கள். ஏனென்றால், அதே திருத்தம் இன்னொரு காரியத்தையும் செய்தது. எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்றிருந்த பழைய கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதன் பிறகு பாருங்கள், லிட்டர் பாக்கெட்டின் உருவத்தில் லிட்டருக்குக் குறைந்த எண்ணெய் வருகிறது. பழைய விலையில் இளைத்த பிஸ்கட் பாக்கெட் வருகிறது. விலை ஏறவில்லை என்கிறார்கள். ஆம், விலை ஏறவில்லை, எடை இறங்கியிருக்கிறது!

பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற எண்ணமும் எப்போதும் மெய்யல்ல. ஒரு பேச்சுக்குச் சொல்வோம். அரைக் கிலோ டீத்தூள் 250 ரூபாய், கால் கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் நூறு கிராம் 50 ரூபாய், சின்னதில் 48 ரூபாய். தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவில் பாட்டிலைவிடச் சிறு பாக்கெட்டே மலிவாக இருப்பதைப் பல வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் அந்தப் பெண்களிடம் பாடம் கேட்கலாம்.

இன்னொரு கணக்கு. மூவாயிரம் ரூபாய்க்கு மளிகை வாங்கி, தெருக்கடையைவிட 210 ரூபாய் மிச்சம் பிடித்தார் ஒருவர் என்று வைப்போம். போய்வரப் பெட்ரோல் 50. பட்டியலில் இல்லாத பிளாஸ்டிக் டப்பா 149. பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் 60. மொத்தம் 259. ஆக, மிச்சம் பிடிக்கப் போனவர் 49 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தார்! பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள், பட்டியலோடு நில்லுங்கள், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே வண்டியில் போய் மூட்டையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் மலிவு மலிவாக இருக்கும்.

வரியின் கதையும் இதில் உண்டு. பெயர் பதிந்த கம்பெனி அரிசிக்கு மட்டும் இருந்த 5 சதவிகித ஜி.எஸ்.டி.யை, 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றுக்கும் டெல்லி சர்க்கார் விரித்தது. மூட்டையை அவிழ்த்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. உடனே என்ன நடந்தது? 26 கிலோ மூட்டை பிறந்தது! ஆலைக்காரருக்குத் தப்பும் வழி தெரிந்தது. ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக வாங்கிப் பிழைக்கிறவனுக்குத் தப்ப வழி ஏது? 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் போன்றவற்றின் வரி 18-இலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. நல்லது, வரவேற்கலாம். ஆனால் குறைந்த வரி முழுவதும் விலையில் குறைகிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் வாங்குகிற நாம்தான்.

அதே கணக்கு, வேறு மடி

இப்போது மர்மத்தின் முடிச்சை அவிழ்ப்போம். சரக்கு வகை குறைவு, மொத்தக் கொள்முதல், ரொக்க வியாபாரம், ஆடம்பரமில்லாத கடை: இந்த நான்கும் சேர்ந்தால் மலிவு. இது ஜெர்மன் சகோதரர்கள் கண்டுபிடித்த புதுமையா? அல்லவே அல்ல!

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊர். அங்கே தொழிலாளி தின்ற மாவில் கலப்படம், அவன் வாங்கிய சர்க்கரையில் எடை மோசடி. கூலியில் ஒரு கொள்ளை, கடையில் மறு கொள்ளை. 1844-ஆம் ஆண்டு 28 பேர், நெசவாளரும் பிற தொழிலாளருமாக, தலைக்கு ஒரு பவுன் சேர்த்து, டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு பழைய கிடங்கில் கடை திறந்தார்கள். சரக்கு என்ன? வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவே! கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை என்று விதி வகுத்தார்கள். கடைசியாக ஒரு விதி: வருகிற லாபம், யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் அவர்களுக்கே திரும்பும்.

கவனியுங்கள் தோழர்களே. மலிவுக் கடையின் கணக்கு முழுவதும் ராச்டேல் கடையிலேயே இருந்தது. வேறுபாடு ஒன்றே ஒன்று. மிச்சம் யார் மடியில் விழுகிறது என்பது! ராச்டேலில் வாங்கியவன் மடியில் விழுந்தது. மலிவுக் கடையில் ஒரு துளி வாங்கியவனுக்குத் தெறிக்கிறது. குடம் முதலாளிக்குப் போகிறது. ஆல்பிரெக்ட் சகோதரர்கள் ஜெர்மனியின் பெருஞ்செல்வர் வரிசையில் முதன்மையாக நின்றார்கள். தமானி இந்தியாவின் பெருஞ்செல்வர் வரிசையில் நிற்கிறார். கலப்படம் செய்து அல்ல, கள்ளச் சந்தையில் அல்ல. தொழிலாளியின் சிக்கனத்தை ஒன்றுதிரட்டியே அந்தச் செல்வம் சேர்ந்தது. நம் சிக்கனத்தை அவர்கள் திரட்ட முடியுமென்றால், நாம் ஏன் திரட்டக் கூடாது?

திரட்டிய வரலாறும் நமக்கு உண்டு. 1904-ஆம் ஆண்டிலேயே சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. டி.யு.சி.எஸ். என்று ஊரறிந்த அச்சங்கம் நூறாண்டு கடந்தும் நிற்கிறது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997-இல் டெல்லி, வறுமைக் கோடு என்று ஒரு கோட்டைக் கிழித்து, கோட்டுக்கு அப்பால் இருப்பவனுக்கு மலிவு அரிசி இல்லை என்ற முறையைக் கொண்டுவந்தபோது, தமிழகம் எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கையை விடவில்லை. 2007-இல் மலிவு விலைத் துவரம்பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வந்தது. சுமார் 2.2 கோடிக் குடும்ப அட்டைகள், 34,000-க்கும் மேற்பட்ட கடைகள். இந்நாட்டில் எந்த மலிவுக் கடை முதலாளிக்கு இவ்வளவு கிளைகள் உண்டு?

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். முதலாளி இரண்டு ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் அது வாணிபத் திறமை என்கிறார்கள். அரசு துவரம்பருப்பை மலிவாகக் கொடுத்தால் அது சோம்பேறி வளர்ப்பு என்கிறார்கள்! வெளிச்சந்தையில் பருப்பு விலை எகிறும்போதும், ரேஷன் கடையில் ஒரு கிலோ கிடைக்கிறது என்ற நிலை இருந்தால்தான் எகிறுவதற்கு ஓர் எல்லை இருக்கும். ரேஷன் கடை இளைத்தால் அடுத்த நாளே மலிவுக் கடையின் விலைப் பலகை கொழுக்கும். போட்டி இருக்கும்வரைதான் முதலாளி மலிவாக விற்பான். ஆளில்லாத களத்தில் அவன் தள்ளுபடி கொடுப்பானேன்?

நம் குறைகளையும் சொல்லிக்கொள்வோம்

இங்கே நாம் நம்மையும் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டும். எல்லா ரேஷன் கடையிலும் எடை சரியாக இருக்கிறதா? "பருப்பு வரலே, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் எத்தனை முறை நம் தாய்மார் காதில் விழுந்திருக்கிறது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, வெறும் பையோடு திரும்பிய பெண், மறு ஞாயிறு மலிவுக் கடைக்குப் போனால் அவளைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன தகுதி? கூட்டுறவுப் பண்டகசாலைகளில் தூசி படிந்த அலமாரியும் தூங்குகிற தராசும் இருந்தால், மக்கள் வெளிச்சம் உள்ள இடத்துக்குத்தான் போவார்கள். மலிவுக் கடை நம்மிடம் கற்றது, கணக்கு; நாம் மலிவுக் கடையிடம் கற்க வேண்டியது, சரக்கு தீர்வதற்குள் சரக்கைக் கொண்டுவந்து நிறுத்தும் ஒழுங்கு.

தெருமுனை அண்ணாச்சி கடையையும் மறக்கக் கூடாது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார், உண்மைதான். ஆனால் ஆலை கதவடைத்தபோது, வேலைநிறுத்தம் நாற்பது நாள் நீண்டபோது, அரிசியும் பருப்பும் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டது யார்? மலிவுக் கடையில் கடன் நோட்டு கிடையாது. அந்த இரண்டு ரூபாயில் நம்பிக்கையின் விலையும் அடங்கியிருக்கிறது. ஆகவே மாதச் சாமானை மலிவு பார்த்து வாங்குகிற தோழர், அவசரச் சாமானையாவது தெருக்கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவது நன்றி மட்டுமல்ல, முன்யோசனையும் ஆகும்.

பில் போடுகிற பெண்ணையும் ஏறிட்டுப் பாருங்கள். அவளும் பாட்டாளிதான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுதும் நின்ற காலோடு அவள் வேலை செய்கிறாள் என்றால், நமக்குக் கிடைத்த தள்ளுபடியில் ஒரு பங்கு அவள் முழங்காலிலிருந்து வந்தது என்று பொருள். "அம்மா, உங்களுக்கு நாற்காலி எங்கே?" என்று வரிசையில் நிற்கும் நாலு பேர் கேட்டால், மேலாளர் காதில் அது விழாமல் போகாது.

கிளைதோறும் செய்ய வேண்டியது

முடிவாக, தோழர்களுக்கு நாம் வைக்கும் வேலைத்திட்டம் இது. படிப்பகத்துக் கரும்பலகையில் வாரம் ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் ஆகியவற்றின் கிலோ விலையை ரேஷன் கடை, கூட்டுறவுக் கடை, தெருக்கடை, மலிவுக் கடை என்று நான்கு பத்தியில் எழுதிப் போடுங்கள். பத்து வீடு சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்ளும் பழக்கத்தைத் தொடங்குங்கள். ராச்டேலில் 28 பேர்தான் தொடங்கினார்கள்! ரேஷன் கடையில் பருப்பு வராத நாளைக் குறித்துவைத்து, தேதியோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். நம் கட்சிக்காரர் பொறுப்பில் இருக்கிற கூட்டுறவுச் சங்கமாயிருந்தால், முதல் கேள்வியை அங்கேயே கேளுங்கள்.

மலிவுக் கடைக்குப் போவது பாவமல்ல. கண்ணை மூடிக்கொண்டு போவதுதான் பாவம். போங்கள், பொடி எழுத்தைப் படியுங்கள், மலிவாக இருந்தால் வாங்குங்கள். ஆனால் திரும்பி வரும் வழியில் ரேஷன் கடைப் பலகையையும் ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். அந்தக் கடை முதலாளியின் தயவால் வந்ததல்ல. நம் முன்னோடிகள் கேட்டு, போராடி, வாக்களித்துப் பெற்றது. தள்ளுபடியை முதலாளி நினைத்தால் நாளையே நிறுத்திவிடுவான். உரிமையை, நாம் அயர்ந்தாலொழிய, எவனும் நிறுத்த முடியாது!